உழைப்பவளின் பெயர் எங்கே?



ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் அனைத்துலகக் கிராமப்புற மகளிர் நாளாகப் போற்றப்படுகின்றது. 2008-ஆம் ஆண்டு தொடங்கி ஐக்கிய நாட்டு நிறுவனம் இந்நாளைக் கடைப்பிடித்து வருகின்றது. 2026-ஆம் ஆண்டினைப் பெண் உழவர்க்குரிய அனைத்துலக ஆண்டாகவும் அது அறிவித்திருக்கின்றது. நாள் கொண்டாடுவதும் ஆண்டு கொண்டாடுவதும் நல்லனவே. ஆயினும், கொண்டாட்டம் முடிந்து பந்தலைப் பிரித்த பின்னர், மறுநாள் விடியற்காலையில் அதே பெண் அதே வேலைக்குத்தானே செல்கின்றாள்? அவளுடைய உழைப்பிற்கு உரிய மதிப்புக் கிடைக்கின்றதா, அவளுடைய பெயர் எந்த ஏட்டிலேனும் எழுதப்பட்டிருக்கின்றதா என்பதையே இன்று நாம் ஒருங்கே அமர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உழவனின் வறுமையை அது நன்கு எடுத்துக் காட்டுகின்றது. ஆனால், அப்பழமொழியிலும் ஒரு குறை இருக்கின்றது. நாற்று நட்டவள், களை பறித்தவள், கதிர் அறுத்தவள், நெல்லைப் புடைத்தவள் ஆகிய யாரும் அக்கணக்கில் வரவில்லை. உழவன் என்று சொல்கின்றோம். உழத்தி என்னும் சொல்லோ அகராதியில் உறங்கிக் கொண்டிருக்கின்றது. சொல்லில் இல்லாதவள் கணக்கிலும் இல்லாமற் போனாள். இக்குறை நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. வளர்முக நாடுகள் பலவற்றிலும் இதுவே நிலைமை.

நம் தோட்டத்துக் கணக்கு

தொலைவில் உள்ள நாடுகளைப் பற்றிப் பேசுமுன், நமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம்.

நம் பாட்டிமார்களின் காலத்தை நினைவிற் கொண்டு வாருங்கள். கோழி கூவுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி, உறங்கும் பிள்ளையைத் தோளிற் போட்டுக் கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடி நின்றவர்கள் அவர்கள். இருள் பிரியாத நேரத்தில் நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் சீவினார்கள். மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவைத் தோளிற் சுமந்து, வழுக்கும் மேட்டில் ஏறி இறங்கி, கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பால்வெட்டில் இல்லாதவர்கள் வெளிக்காட்டில் புல் வெட்டினார்கள், உரம் போட்டார்கள். வீடு திரும்பிய பின்னர் விறகு, தண்ணீர், துணி, சமையல், பிள்ளைகள் என்று இரண்டாவது வேலைநாள் தொடங்கிற்று. அந்த இரண்டாவது நாளுக்குப் பெயர்பதிவும் இல்லை, சம்பளமும் இல்லை.

முதல் வேலைநாளுக்காவது சமமான கூலி கிடைத்ததா? அன்றைய மலாயாவில் இந்தியத் தொழிலாளர்க்கு உரிய நாட்கூலி அரசாங்க ஏற்பாட்டின்படி வரையறுக்கப்பட்டது. 1920-களின் இறுதியில் பொதுவான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. எளிதிற் சென்றடைய இயலாத உட்புற வட்டாரங்களில் ஆணுக்கு 58 காசு. பெண்ணுக்கு 46 காசு. 1930-ஆம் ஆண்டில் ரப்பர் விலை சரிந்து கூலி வெட்டப்பட்டபொழுது ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்றாயிற்று. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆண் ஐந்து காசு பெறும் இடத்தில் பெண் நான்கு காசு பெற்றாள்.

ரப்பர் மரத்திற்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு தெரியுமா? உளி படும் கோணமும் ஆழமும் சரியாக இருந்தால், சீவியது யாருடைய கையாயினும் மரம் பால் தரும். அந்த ஒரு காசு வேறுபாட்டை மரம் உண்டாக்கவில்லை, மண்ணும் உண்டாக்கவில்லை, மனிதர் எழுதிய கணக்கே உண்டாக்கிற்று. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தி எழுதவும் முடியும். இன்று நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்வதில்லை. 2013-ஆம் ஆண்டில் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்த அச்சம்பளம் இருபாலார்க்கும் ஒன்றே.

உலகக் கணக்கு

இனி வளர்முக நாடுகளின் பக்கம் பார்வையைச் செலுத்துவோம்.

ஐக்கிய நாட்டு உணவு, வேளாண்மை நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டது. வளர்முக நாடுகளில் வேளாண்மைத் தொழிலாளரில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் பெண்கள் என்று அது கூறிற்று. ஆயினும் நிலம், விதை, உரம், கடன், பயிற்சி ஆகிய எல்லாவற்றிலும் அவர்களுக்குக் கிடைப்பது ஆண்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அவையனைத்தும் சமமாகக் கிடைக்குமாயின் பெண்கள் பயிரிடும் நிலங்களின் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை உயரக்கூடும் என்றும், அதனால் உலகில் பசியால் வாடுவோரில் 10 கோடி முதல் 15 கோடி பேர் வரை பசியிலிருந்து மீளக்கூடும் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டில், அதே நிறுவனம் மற்றோர் அறிக்கையை வெளியிட்டது. ஒரே பரப்புள்ள இரு நிலங்களில் ஒன்றைப் பெண்ணும் மற்றொன்றை ஆணும் நடத்தினால், பெண்ணின் நிலத்தில் விளைச்சல் மதிப்பு 24 விழுக்காடு குறைவு. வேளாண்மையிற் கூலிக்கு உழைப்போரில், ஆண் ஒரு டாலர் பெறும் இடத்தில் பெண் பெறுவது 82 காசு.

இந்த 82 காசைச் சற்றே நின்று நோக்குங்கள். நம் பாட்டி காலத்து மலாயாவில் ஆணின் ஒரு வெள்ளிக்குப் பெண்ணுக்கு 80 காசு என்னும் கணக்கு இருந்தது. முன்னது ஒரு நாட்டில் வரையறுக்கப்பட்ட கூலி; பின்னது உலகம் முழுமைக்கும் எடுத்த சராசரி. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பது உண்மையே. ஆயினும், ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் நிற்கும் அவ்விரண்டு எண்களும் உடன்பிறந்தவை போல ஒத்திருப்பதைக் காணும்பொழுது, நம் மனம் கனக்கின்றதன்றோ?

இதற்குக் காரணம் பெண்ணின் வலுவின்மை என்று சிலர் எளிதாகச் சொல்லி விடுவர். அது சரியா என்பதை ஆராய்ந்தோர் உளர். டென்மார்க் நாட்டுப் பொருளியல் அறிஞர் எஸ்தர் போசரப் என்னும் அம்மையார், பொருளாதார வளர்ச்சியிற் பெண்ணின் பங்கு பற்றி 1970-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் உணவுப் பயிர் வேளாண்மையின் பெரும்பகுதியைப் பெண்களே செய்து வந்தனர். அங்கே ஆட்சி செலுத்திய ஐரோப்பியரோ, உழவன் என்றாலே ஆண் என்று எண்ணி, புதிய பயிர்களையும் புதிய முறைகளையும் ஆண்களுக்கே கற்பித்தனர். ஆணின் கையில் புதிய கருவி ஏறிற்று. பெண்ணின் கையில் பழைய மண்வெட்டியே எஞ்சிற்று. முன்னேற்றம் வந்தபொழுதே வேறுபாடும் கூடிற்று என்பது அவர் எடுத்துக் காட்டிய உண்மை.

ஒரே வீடு, இரண்டு வயல்

இதனை இன்னும் தெளிவாக விளக்கவல்ல ஒரு சான்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்க்கினா பாசோ என்னும் நாட்டிலிருந்து கிடைக்கின்றது. அந்நாட்டுச் சிற்றூர்களில் ஒரே குடும்பத்தில் கணவனுக்குத் தனி வயல், மனைவிக்குத் தனி வயல் என்று பிரித்துப் பயிரிடும் வழக்கம் உண்டு. 1980-களில் அங்கே திரட்டப்பட்ட விவரங்களைக் கிறிஸ்டபர் உட்ரி என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒரே குடும்பம், ஒரே ஆண்டு, ஒரே பயிர். அப்படியிருந்தும் மனைவியின் வயலில் விளைச்சல் கணவனின் வயலைவிட மிகவும் குறைவாக இருந்தது. மனைவிக்கு உழவு தெரியாததா காரணம்? இல்லை. குடும்பத்திற்குக் கிடைத்த உரம் ஏறக்குறைய முழுவதும் கணவனின் வயலுக்கே சென்றது. கூடுதல் ஆள் உழைப்பும் கணவனின் வயலுக்கே சென்றது. மனைவியின் வயலுக்கு எஞ்சியது அவளுடைய இரண்டு கைகள் மட்டுமே.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. உரம் போட்டுப் பழகிய நீங்கள் அதனை எளிதில் உணர்வீர்கள். ஒரு மரத்திற்கு முதற்பிடி உரம் தரும் பயன் பெரிது. அம்மரத்திற்கே மேலும் மேலும் கொட்டினால் அடுத்தடுத்த பிடிகள் தரும் பயன் சிறுத்துக்கொண்டே போகும். கணவனின் வயலில் மிகையாகக் கொட்டிய உரத்தில் ஒரு பகுதியை மனைவியின் வயலுக்கு மாற்றியிருந்தால், ஒரு காசும் கூடுதலாகச் செலவின்றிக் குடும்பத்தின் மொத்த விளைச்சலே உயர்ந்திருக்கும். இந்தத் தவறான பங்கீட்டால் வீணான விளைச்சல் ஏறத்தாழ 6 விழுக்காடு என்று அவ்வறிஞர் கணக்கிட்டார். பசி நிறைந்த நாட்டில் ஆறு விழுக்காடு என்பது சிறிய அளவன்று.

"குடும்பம் ஒன்றுதானே? அதற்குள் கணவன் பங்கு, மனைவி பங்கு என்று பிரித்துப் பேசலாமா?" என்று நம்மிடையே கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுதான். குடும்பம் ஒன்றே. அதனாற்றான் மனைவிக்கு நேரும் குறை அவளோடு நிற்பதில்லை. அது குடும்பத்தின் சோற்றுப் பானையைத் தொடுகின்றது.

எல்லாம் ஒரு பெயரில் தொடங்குகின்றது

உரம் ஏன் அவளிடம் சென்று சேர்வதில்லை? கடன் ஏன் கிடைப்பதில்லை? பயிற்சிக்கு ஏன் அவளை அழைப்பதில்லை? ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்றால் எல்லாம் ஓரிடத்திற் போய் முடிகின்றன.

கடன் வேண்டுமென்றால் ஈடு கேட்பார்கள். ஈடாக வைக்க நிலப்பத்திரம் வேண்டும். பத்திரத்தில் இருப்பதோ கணவன் பெயர். அல்லது மாமனார் பெயர். கடன் இல்லையேல் நல்ல விதை வாங்க முடியாது. உரமும் வாங்க முடியாது. விவசாய அதிகாரி பயிற்சிக்கு ஆள் எடுக்கும்பொழுது நிலம் யார் பெயரில் இருக்கின்றதோ அவரையே அழைக்கின்றார். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பியமும் அப்பெயருக்கே கிடைக்கின்றது. உறுப்பினரல்லாதவள் கூட்டத்திற் பேச முடியாது. இவ்வாறு ஒரு தாளில் ஒரு பெயர் எழுதப்படாமற் போவதால், பத்து வாயில்கள் ஒரே நேரத்தில் அடைபட்டுப் போகின்றன.

கணவன் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும் வரையில் இக்குறை வெளியே தெரிவதில்லை. அவன் மறைந்த அன்று, அல்லது அவளைக் கைவிட்ட அன்று, அது முழு உருவத்தோடு வெளிப்படுகின்றது. இருபது ஆண்டுகள் அவள் களையெடுத்த நிலத்தில், "உனக்கு இங்கே என்ன உரிமை?" என்று நேற்று வந்த உறவினன் கேட்கின்றான். அவளிடம் விடை இருக்கின்றது. ஆனால் தாள் இல்லை.

அந்தத் தாளை மாற்றி எழுதிய நாடுகளும் உள்ளன. எத்தியோப்பியாவை எடுத்துக் கொள்வோம். அங்கே நிலம் அரசுக்கு உரியது; குடிமக்களுக்குப் பயிரிட்டு வாழும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்குச் சான்றிதழ் வழங்கும் பணி 1990-களின் இறுதியில் திக்ரே மாநிலத்தில் தொடங்கிற்று. அங்கே சான்றிதழ் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. பின்னர் 2003-ஆம் ஆண்டையொட்டி அம்ஹாரா முதலிய பிற மாநிலங்களில் அப்பணி தொடர்ந்தபொழுது, ஒரு மாறுதல் செய்யப்பட்டது. கணவன் பெயரும் மனைவி பெயரும் ஒரே சான்றிதழில் எழுதப்பட்டன. அம்ஹாராவில் இருவருடைய படங்களும் அதில் ஒட்டப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் முகத்தை அந்தத் தாளிற் கண்டு, இந்நிலத்தில் தனக்கும் பங்குண்டு என்று உணர முடிந்தது. சான்றிதழ் பெற்ற குடும்பங்கள் மண்ணரிப்பைத் தடுக்கும் வேலைகளிற் கூடுதலாக ஈடுபட்டதையும் ஆய்வாளர்கள் கண்டனர். தமக்கு நிலைக்கும் என்று தெரிந்த மண்ணுக்கே மக்கள் வரப்பு உயர்த்துகின்றனர்.

நம் முன்னோரில் மிகப் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்து வட்டாரத்திலும் இத்தகைய பணி நிகழ்ந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அவ்வட்டாரத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அக்கொடுமைக்குப் பின் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்னும் அம்மையாரும் அவர்தம் கணவரும் அங்கே சென்று தங்கினர். 1981-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' என்னும் இயக்கம், நிலக்கிழார்களோடு பேசி நியாய விலைக்கு நிலத்தைப் பெற்று, நிலமற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் நிலம் பெற்றன. அந்நிலங்கள் பெண்கள் பெயரிலேயே பதியப்பட்டன. ஆண் பெயரில் உள்ள நிலம் கடனுக்கும் கள்ளுக்கும் கரைந்து போகக்கூடும். தாய் பெயரில் உள்ள நிலமோ பிள்ளைகளின் வாய்க்குச் சோறாகும் என்பது அதன் அடிப்படை.

நம் நாட்டிற் பெல்டா குடியேற்றம்

நம் மலேசியத் திருநாட்டிலும் இக்கதைக்கு ஓர் ஏடு உண்டு. நிலமற்ற மக்களுக்கு நிலம் வழங்கும் பொருட்டு 1956-ஆம் ஆண்டில் பெல்டா அமைக்கப்பட்டது. பகாங் மாநிலத்து லூரா பீலுட் குடியேற்றத்திலிருந்து தொடங்கி, காடுகள் தோட்டங்களாயின. ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன. வறியவர்களாக வந்தவர்கள் நிலச் சொந்தக்காரர்களாயினர். இது நாட்டின் பெருமைக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், 1960-ஆம் ஆண்டின் நிலக் குழுக்குடியேற்றச் சட்டத்தின்படி ஒரு நிலத்திற்கு ஒருவரே உரிமையாளராகப் பதியப்பட்டார். குடியேறியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலும் கணவர். மனைவியும் அவரோடு சேர்ந்து களை வெட்டினாள், பால் சீவினாள், பழம் பொறுக்கினாள். பத்திரத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை. மணமுறிவு நேர்ந்தால் நிலம் கணவரிடமே தங்கிற்று. இக்குறையைக் களைய 2002-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. மனைவியையும் கூட்டு உரிமையாளராகப் பதிவு செய்வதற்கு அத்திருத்தம் வழி வகுத்தது. சட்டம் பிறந்து 42 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது. ஒரு பெண் புதுமணப்பெண்ணாகக் குடியேறிப் பாட்டியாகும் காலம் அதற்குள் கடந்து விட்டது.

நம்மையே நேராகத் தொடும் மற்றொரு சட்டமும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் உயிலெழுதாமல் இறந்தால், அவர்தம் சொத்து 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கப்படும். அச்சட்டத்தின் பழைய விதி எப்படி இருந்தது தெரியுமா? மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் பிள்ளைகளை விட்டு இறந்தாலோ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. 1997-ஆம் ஆண்டின் திருத்தம் இந்த ஏற்றத்தாழ்வை நீக்கிற்று. இன்று கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே விதி. 2001-ஆம் ஆண்டில் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி திருத்தப்பட்டு, பால் வேறுபாடு காட்டலாகாது என்பதும் அதில் எழுதப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே நடந்து செல்ல வேண்டியவர்கள் நாம்தாம். ஆகவே, தோட்டத்து ஒவ்வொரு குடும்பமும் சில செயல்களை உடனே மேற்கொள்ள வேண்டுகின்றோம்.

முதலாவது, திருமணப் பதிவு. 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறையில் இருந்து வருகின்றது. கோயிலில் தாலி கட்டினோம், ஊர் அறியும், பதிவு எதற்கு என்று இன்னமும் சிலர் வாளாவிருக்கின்றனர். ஊர் அறிந்தது அலுவலகத்திற்குத் தெரியாது. பதிவு செய்யாத மனைவி, கணவன் மறைந்த பின், தான் மனைவி என்பதை மெய்ப்பிக்கவே வாயில் வாயிலாக அலைய நேரும்.

இரண்டாவது, பத்திரங்களில் இருவர் பெயர். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல, வீட்டுமனைகளாகத் துண்டாடப்பட்டுவிட்டன. நாட்டின் ரப்பரில் பெரும்பகுதியைச் சிறுதோட்டக்காரர்களே தருகின்றனர். தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு நிலமோ வீடோ வாங்கும் குடும்பங்கள், தொடக்கத்திலேயே கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதிவிட வேண்டும். ஊழியர் சேமநிதியில் நியமனப் பெயரைக் குறித்து வைக்க வேண்டும். இயன்றவர்கள் உயிலும் எழுதி வைப்பது நலம்.

மூன்றாவது, அவளுடைய ஊதியம் அவளுடைய கையில். மனைவியின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று இருக்கட்டும். மாட்டுக்குப் புல் அறுப்பவளும் பால் கறப்பவளும் அவளாக இருக்க, பால் காசு மட்டும் கணவன் சட்டைப்பையில் விழுவது முறையன்று. குடும்பச் செலவை இருவரும் கலந்து முடிவு செய்யுங்கள்.

நான்காவது, பயிற்சி. காய்கறித் தோட்டம், கால்நடை, சிறுதொழில் என்று எந்தப் பயிற்சி நடந்தாலும் பெண்களை அழையுங்கள். கூட்டத்தின் நேரத்தை அவர்களுடைய வசதிக்கேற்ப வையுங்கள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திற் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் யாரும் வரவில்லையே" என்று குறை கூறுவதிற் பொருளில்லை.

ஐந்தாவது, அந்த இரண்டாவது வேலைநாள். மேலே கூறிய அனைத்தும் இருந்தாலும், இரவு வரை ஓயாது உழைப்பவளுக்குப் பயிற்சிக்குச் செல்ல ஏது நேரம்? கூட்டத்திற் பேச ஏது தெம்பு? தண்ணீர் பிடிப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், பாத்திரம் கழுவுவதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. சட்டமும் இன்று அதை உணர்ந்திருக்கின்றது. 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாளாக உயர்த்தப்பட்டதோடு, மணமான தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வழங்கப்பட்டிருக்கின்றது. அந்த ஏழு நாளும் தொட்டிலின் பக்கத்தில் இருப்பதற்கே அன்றி, நண்பர்களோடு பொழுது போக்குவதற்கு அன்று.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். மகனுக்கு முட்டையும் மகளுக்குக் குழம்பும் வைக்கும் தட்டு உங்கள் கையால் பரிமாறப்படுவதே. மகன் படிக்கட்டும், மகள் தம்பியைப் பார்த்துக் கொள்ளட்டும் என்னும் முடிவும் பலவேளைகளில் உங்கள் வாயிலிருந்தே வருகின்றது. ஐந்துக்கு நான்கு என்னும் பழைய கணக்கு வேறெங்கும் அழிந்த பின்னரும் நம் அடுக்களையில் உயிரோடு இருக்குமாயின், அதனை அழிக்கும் அதிகாரமும் உங்களிடமே இருக்கின்றது.

அன்பார்ந்த தோட்ட மக்களே, நாம் யாரையும் யாருக்கும் எதிராக நிறுத்தவில்லை. கணவனிடமிருந்து பறித்து மனைவிக்குக் கொடுங்கள் என்று கேட்கவுமில்லை. புர்க்கினா பாசோவின் வயலில் உரத்தைச் சரியாகப் பகிர்ந்தால் வீட்டுக்கே நெல்மணி கூடுவது போல, உரிமையைச் சரியாகப் பகிர்ந்தால் குடும்பத்திற்கே வலிமை கூடும் என்றுதான் சொல்கின்றோம்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு செயல் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, உங்கள் வீட்டுப் பத்திரங்களை எடுத்து மேசைமேற் பரப்புங்கள். திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், சேமநிதித் தாள், வங்கிப் புத்தகம் ஆகிய ஒவ்வொன்றிலும் யார் பெயர் இருக்கின்றது என்று இருவரும் சேர்ந்து அமர்ந்து பாருங்கள். படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து இந்தக் குடும்பத்தைத் தாங்கியவளின் பெயர் எத்தனை இடத்தில் வருகின்றது என்று எண்ணுங்கள். வராத இடத்தில் அதனை எழுதுவதற்கு வேண்டிய வேலையை நாளையே தொடங்குங்கள்.

உழைப்பவளின் பெயர் ஏட்டில் ஏறட்டும்.